கம்பிக்கு எண்ணெய் வைத்த நாள்

மூன்றாவது தடவையும் வழுக்கிக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தாள் பூவிழி. கையால் பிடித்தால் கை நிற்கவில்லை. முழங்காலால் கவ்வினால் முழங்கால் நிற்கவில்லை. உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோனாள். நல்லெண்ணெய்.

அண்ணாந்து பார்த்தாள். தரைக்கும் கூரைக்கும் நடுவே ஒன்பதரை அடி எவர்சில்வர் குழாய், தலைவாரிக்கொண்ட பெண் மாதிரி மினுமினுவென்று நின்றது. கண் உயரத்தில் சந்தனம், குங்குமம். அதற்கு மேல் ஒரு முழம் கதம்பம். வேலை பார்க்கும் லேபில் ஆயுதபூசையை முடித்துக்கொண்டு வந்தவள் பொட்டையும் பூவையும் பார்த்துச் சிரித்துக்கொண்டேதான் கம்பியைப் பிடித்தாள். எண்ணெய் கண்ணில் படவில்லை.

மணி பன்னிரண்டரை. நான்கு மணிக்குச் சென்னையிலிருந்து வீடியோவில் கூப்பிடுவார்கள். கம்பி நடனம் சொல்லித்தருகிற ஒரு கூடம் அது. வருடத்துக்குப் பத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து டீச்சராக்கி அனுப்புகிறார்கள். வயது முப்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும். பூவிழிக்கு மார்கழியில் முப்பத்தைந்து முடிகிறது. இன்று விட்டால் விட்டதுதான்.

மாமியார் புஷ்பவல்லி தெருவில் பொரியும் சுண்டலும் கொடுத்துவிட்டு வெறுந்தட்டோடு உள்ளே வந்தாள். தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த மருமகளைப் பார்த்தாள்.

"தொட்டுட்டியா?"

"தொட்டேன் அத்தை. தள்ளிவிட்டுடுச்சு."

"தள்ளத்தான் செய்யும். பூசையில இருக்கற பொருளு."

"எண்ணெய் போட்டீங்களா?"

"பின்ன? அருவாமனை, மம்புட்டி, தையல் மிசினு எல்லாத்துக்கும் போட்டுத் தொடச்சேன். உன் தூணை மட்டும் விட்டா அது மனசுல என்ன நெனைக்கும்? ஸ்டூல் போட்டு ஏறி மேல வரைக்கும் தடவியிருக்கேன். அரைப் படி குடிச்சிருக்கு."

பூவிழிக்குக் கோபம் வரப் பார்த்தது. பாதி வழியில் திரும்பிப் போய்விட்டது. இரண்டு வருடமாக அத்தை அந்தக் கம்பியைத் தொட்டதில்லை. பெருக்கும்போதுகூட அதைச் சுற்றிப் பெருக்குவாள். வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள்: "கூரை எறங்குதா? முட்டுக் குடுத்திருக்கீங்களே." புஷ்பவல்லி முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு, "ஆமா, காங்கிரீட்டு சரியில்ல" என்பாள். சிமெண்ட் ஆலைகள் இருக்கிற ரெட்டிபாளையத்தில், லோடு லோடாகச் சிமெண்ட் லாரி ஓட்டுகிற அவள் மகன் ராஜவேலுவின் வீட்டுக் கூரை மட்டும் சரியில்லை என்று ஊரே நம்பியது. அப்படி ஒதுக்கிவைத்த கம்பிக்கு இன்று அருவாமனை வரிசையில் இடம் கிடைத்திருக்கிறது.

திருமானூர் பள்ளியில் பூவிழி கோ-கோ ஆடினாள். ஆட்டக் களத்தின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு கம்பம் நட்டிருக்கும். துரத்துகிறவள் முழு வேகத்தில் வந்து கம்பத்தை ஒரு கையால் பிடித்துத் திரும்ப வேண்டும். பூவிழி திரும்பினால் பாவாடை ஒரு பக்கம் வர, அவள் இன்னொரு பக்கம் வருவாள் என்பார்கள். இருபத்தோரு வயதில் கல்யாணம். கம்பம் அங்கேயே நின்றுவிட்டது. பிறகு ஒரு நாள் போனில் ஒரு பெண் கம்பியைப் பிடித்து, காலை வீசி, காற்றில் உட்கார்ந்தபடி சுற்றுவதைப் பார்த்தாள். எதிர்ப்பட்டது பழைய சிநேகிதி என்று கைக்குத் தெரிந்துவிட்டது.

அரியலூரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிற அரியமுத்துதான் கம்பி செய்து கொடுத்தார். மேலும் கீழும் பேரிங் வைத்து, வேண்டும்போது சுற்றவும் வேண்டாதபோது நிற்கவும் அடியில் ஒரு திருகு வைத்தார். எதற்கென்று கடைசிவரை கேட்கவில்லை. "தயிரு நிறைய கடைவீங்களோ" என்று மட்டும் சொன்னார்.

வாங்கினதோடு முடிகிற சாமானில்லை அது. ரெட்டிபாளையத்தில் காலையில் துடைத்த மேசையில் மத்தியானம் பெயர் எழுதலாம். அவ்வளவு தூசி. தினமும் உலர்ந்த துணியால் கம்பியை மேலிருந்து கீழே துடைப்பாள். ஆடுவதற்கு முன்னும் பின்னும் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பாள். வாரத்துக்கு ஒரு நாள் கொத்தனார் ரசமட்டத்தை வைத்துக் கம்பி நேராக நிற்கிறதா என்று பார்ப்பாள். ஆடுகிற அன்றைக்குத் தன் கைகாலில்கூட எண்ணெய் படவிடமாட்டாள்.

"தொடச்சுடறேன் அத்தை. ஸ்பிரிட் எங்க?"

புஷ்பவல்லி சாமி படத்தைக் காட்டினாள். அருவாமனைக்குப் பக்கத்தில் ஸ்பிரிட் பாட்டில், அதற்குப் பக்கத்தில் ரசமட்டம், திருகுச் சாவி. பாட்டிலுக்கும் பொட்டு. துடைக்கிற துணியை மடித்து அதற்கும் ஒரு பொட்டு.

"நாளைக்குத்தான் எடுக்கணும். பூசையில வச்சத அன்னைக்கே எடுத்து வேலை செய்யறதா? காய் நறுக்கக்கூட அருவாமனை இல்லாமத்தான் இன்னைக்கு அப்பளம்."

"நாலு மணிக்குக் கூப்புடுவாங்க அத்தை."

"அவங்க வூட்டுல ஆயுதபூசை இல்லையாமா?"

"அவங்களுக்கு ஆயுதம் கைகால்தான்."

புஷ்பவல்லி தட்டைக் கீழே வைத்தாள். சாமியைப் பார்த்தாள், கம்பியைப் பார்த்தாள், மருமகள் முகத்தையும் பார்த்தாள். அந்த முகம் சிரிக்கத்தான் முயன்றது. கீழ் உதடு ஒத்துழைக்கவில்லை.

"ஒண்ணு பண்ணலாம். இன்னொரு கற்பூரம் காட்டி, பொருள வடக்கால கொஞ்சம் நகட்டி வச்சுட்டா பூசை முடிஞ்ச கணக்கு. எங்க அம்மா வூட்டுல அவசரத்துக்கு அப்படித்தான்."

கற்பூரம் காட்டினாள். பாட்டிலை ஒரு விரல் நகர்த்தினாள். சாவியை, துணியை, ரசமட்டத்தை நகர்த்தினாள். கம்பி முன்னால் வந்ததும் நின்றுவிட்டாள்.

"இத எப்படி நகட்டறது? கூரையோட வருமே."

பூவிழி சாவியை எடுத்து அடியில் இருந்த திருகைத் தளர்த்தினாள். "இப்ப நகட்டுங்க."

புஷ்பவல்லி இரண்டு விரலால் தள்ளினாள். கம்பி இருந்த இடத்திலேயே இருந்தது. பொட்டு மட்டும் புறப்பட்டு அந்தப் பக்கம் போனது. கொஞ்ச நேரத்தில் இந்தப் பக்கமாகத் திரும்பி வந்தது. புஷ்பவல்லி வாயைப் பொத்திக்கொண்டாள். மறுபடி தள்ளினாள். பொட்டு போனது, வந்தது.

"ரெண்டு வருசமா இது சுத்துமா?"

"சுத்தும்."

"நானு இதச் சுத்திப் பெருக்குனேனே. இதைச் சுத்தவிட்டுட்டு நின்ன எடத்துலயே பெருக்கியிருக்கலாம்."

அதற்கு மேல் இருவராலும் நிற்க முடியவில்லை. ஒருத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், ஒருத்தி தரையில். "வடக்குக்கு எத்தனை தடவை போச்சு பாரு, பத்து வருசத்துப் பூசை முடிஞ்சிருக்கும்" என்றாள் புஷ்பவல்லி. சிரிப்பு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

ஸ்பிரிட் அரை பாட்டில்தான் இருந்தது. எண்ணெயோ அரைப் படி. புஷ்பவல்லிக்கு வழி தெரிந்திருந்தது. எண்ணெய் வைத்த தலைக்கு என்ன செய்வார்களோ அதுதான். காலையில் வடித்த கஞ்சி இருந்தது. அதில் அரப்புத்தூளைக் குழைத்தாள். பூவையும் பொட்டையும் கும்பிட்டு எடுத்தார்கள். பூவிழி ஸ்டூலில் ஏறி மேல்பாதி, புஷ்பவல்லி கீழ்ப்பாதி. பச்சைக் குழம்பு வழிந்தது. "கண்ண மூடிக்க, எரியும்" என்று கம்பியிடம் சொன்னாள் புஷ்பவல்லி. அலசி, உலர்ந்த துணியால் துடைத்து, பேரிங்கில் ஈரம் தங்காமல் ஒற்றி, கடைசியில் ஸ்பிரிட். விரலால் தேய்த்தால் கம்பி கீச்சென்றது.

"பொட்டு இல்லாம மொட்டையா நிக்குது" என்றாள் புஷ்பவல்லி.

"கை படற எடத்துல வைக்கக்கூடாது அத்தை."

"மேல தட்டுல வையி. ஸ்டூல் வேணாம், ஏறியே வையி."

மோதிர விரலில் குங்குமத்தோடு பூவிழி ஏறினாள். முழங்கால் கவ்வியது. கவ்வின இடத்தில் நின்றது. கூரையை ஒட்டியிருந்த தட்டில் பொட்டு வைத்துவிட்டு, ஒரு காலை விரித்துச் சுற்றிக்கொண்டே இறங்கினாள். புஷ்பவல்லி சேலையைச் செருகிக்கொண்டு வந்தாள். "தள்ளு" என்று சொல்லிவிட்டுக் கம்பியைக் கட்டிக்கொண்டு காலைத் தூக்கினாள். ஒன்றரைச் சுற்று. இறங்கியவள், அடுப்படி எந்தப் பக்கம் என்று கேட்டாள்.

நான்கு மணிக்குப் போன் வந்தது. பூவிழி ஏறினாள், தலைகீழாக நின்றாள், கோ-கோ ஓட்டத்தில் ஓடிவந்து ஒரு கையால் பிடித்துத் திரும்பினாள். சென்னைப் பெண்மணி முகத்தைத் திரைக்கருகில் கொண்டுவந்தார்.

"மேலே சிவப்பா என்ன அது, துருவா? துருப்பிடிச்ச கம்பியில ஏறக்கூடாதுன்னு தெரியுமில்ல?"

பூவிழிக்கு மூச்சு வாங்கியது. அவள் வாயைத் திறப்பதற்குள் புஷ்பவல்லியின் தலை திரைக்குள் வந்தது.

"துரு இல்லைங்க, குங்குமம். நான் தேய்ச்ச தேய்ப்புக்குத் துரு கிட்ட வருமா?"

"எதைப் போட்டுத் தேய்ச்சீங்க?"

"கஞ்சியும் அரப்பும்."

அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். "கம்பியைப் பராமரிக்கறது எப்படின்னு கடைசிக் கேள்வியா வச்சிருந்தோம்" என்றார் அந்தப் பெண்மணி. "நாளைக்குச் சொல்றோம்."

மறுநாள் விஜயதசமி. காலையில் பூவிழி கம்பியை உலர்ந்த துணியால் மேலிருந்து கீழே துடைத்தாள். அடித்தட்டில் ஒரு திருகு தளர்ந்திருந்தது. இறுக்கினாள். ஒன்பது மணிக்குச் செய்தி வந்தது. பத்துப் பேரில் ஏழாவது பெயர் அவளுடையது. தை மாதம் வகுப்பு. அவள் லேபுக்குப் போனாள். புஷ்பவல்லி அருவாமனையில் வாழைக்காய் நறுக்கினாள். எதிர்வீட்டு அனுசுயா வந்து கூரை எப்படி இருக்கிறது என்று கேட்டாள். கூரைக்கு ஒன்றுமில்லை, அது மருமகள் ஆடுகிற கம்பி என்று புஷ்பவல்லி சொன்னாள். மத்தியானம் கடைக்குப் போய் அரப்புத்தூள் இரண்டு பொட்டலம் வாங்கிவந்தாள்.