நான் அழித்த சுண்ணாம்புக் கோடு

அந்தக் கோட்டை அழித்தது நான்தான். அதிகாரிகள் இல்லை, ரோடு போட வந்த ஆட்கள் இல்லை. நான்.

இரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன், எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். செய்ததைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை.

தஞ்சாவூரில் எங்கள் தெரு பேருக்குத்தான் தெரு. பட்டுக்கோட்டை, பேராவூரணியிலிருந்து வரும் தேங்காய் லாரி, மினி பஸ், அறுப்புக் காலத்தில் நெல் மூட்டை டிராக்டர் எல்லாம் அதில்தான் போகும். என் வாசற்படியில் இறங்கினால் தார் ரோடு. எதிரே ஒரு சந்து, அதற்குள் அங்கன்வாடி. அங்கே ஆயா வேலை பார்க்கும் வசந்தா எனக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறாள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளைக் காலையில் திரட்டி ரோட்டைத் தாண்டிக் கூட்டிப்போவாள்.

தெருவைச் சீர்செய்யப் போகிறோம், வந்து யோசனை சொல்லுங்கள் என்று மாநகராட்சியில் கூட்டம் போட்டார்கள். வசந்தா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். ஒரே சத்தம். மரம் நட்டால் கடை போர்டு மறைந்துவிடும் என்று பேக்கரிக்காரர் எழுந்து நின்றார்.

"போர்டு மறைஞ்சா நல்லதுதான் அண்ணே, புதுசா ரெண்டு பேரு ஏமாந்து உள்ள வருவான்" என்றான் சைக்கிள் கடைக்காரன். எல்லோரும் சிரித்தார்கள். பேக்கரிக்காரரும் சிரித்தார்.

வசந்தா மட்டும் சிரிக்கவில்லை. "சார், எட்டுப் புள்ளைங்கள கோழிக்குஞ்சு மாதிரி ஓட்டிக்கிட்டுப் போறேன். ஒரு வண்டி நிக்காது. சந்து வாசல்ல ஸ்பீடு பிரேக்கர் போட்டு, கடக்குறதுக்கு வெள்ளைப்பட்டையும் அடிச்சுக் குடுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

இன்ஜினியர் ஒரு சின்னப் பெண். வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "அது இந்த வீட்டு வாசலுக்கு நேரா வருதே. அவங்களுக்கு ஆட்சேபணை இருக்கா?" என்று கேட்டாள்.

"நம்ம அக்கா வீடுதாங்க. சொல்லுங்கக்கா."

அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. "நல்லா போடுங்க" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டேன்.

மனசுக்குள் வேண்டாம் என்றுதான் இருந்தது. உங்களுக்கு இது அற்பமாகத் தெரியும்... நான் கூச்சக்காரி. கல்யாண வீட்டில்கூடக் கடைசிப் பந்திதான் உட்காருவேன். என் வீடு ஒற்றை அறை. கதவைத் திறந்தால் நான் சோறு தின்பதும் தலை வாருவதும் ரோட்டுக்குத் தெரியும். வண்டிகள் ஓடுகிற வரைக்கும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவை வாசலில் வந்து நின்றால்? ரோட்டைக் கடக்கக் காத்திருக்கிறவர்கள் என் படியில் நின்றால்? இதை எந்த வாயால் கூட்டத்தில் சொல்வது? வசந்தாவிடம் தனியாகவாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்து இன்ஜினியர் பெண் வந்து, என் வாசலுக்கு நேராகச் சுண்ணாம்புப் பொடியால் ரோட்டுக்குக் குறுக்கே இரண்டு கோடு போட்டுப் போனாள். நாளைக்கு வேலை என்றார்கள்.

மறுநாள் விடியலில் வழக்கம்போல் வாசல் தெளிக்க இறங்கினேன். முதலில் படிக்கு முன்னால் மட்டும்தான் கூட்டினேன். கோட்டின் நுனி அழிந்தது. கை நிற்கவில்லை. தண்ணீரை வீசி நடு ரோடு வரைக்கும், அப்புறம் அந்தக் கரை வரைக்கும் கூட்டித் தள்ளினேன். பிறகு கோலமாவு டப்பாவை எடுத்துக்கொண்டு முப்பது அடி தள்ளி, பூட்டிக் கிடக்கும் பழைய ரைஸ்மில் சுவருக்கு நேராக, அதே அகலத்தில் இரண்டு கோடு இழுத்தேன். அறுபது வருஷம் கோலம் போட்ட கை... ஒரு நூல் பிசகவில்லை! திரும்பி வந்து என் வாசலில் கோலம் போட்டேன். அன்றைக்குப் பெரிய கோலம்.

நான் இழுத்த கோட்டைப் பார்த்து ஆட்கள் அங்கேயே தாரைக் கொட்டி ஸ்பீடு பிரேக்கர் போட்டார்கள். சாயங்காலம் இன்ஜினியர் பெண் வந்து பார்த்துத் திகைத்து நின்றாள்.

"யாரு இங்க போடச் சொன்னது?"

"கோடு இங்கதான்மா இருந்துச்சு."

நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அப்போது வெளியே வந்திருந்தால் மறுநாளே கொத்தி எடுத்திருப்பார்கள். ஏன் வரவில்லை? திட்டுவார்கள் என்றா? திட்டினால் என்ன, செத்தா போவேன்?

மில் சுவர் வரைக்கும் யார் நடப்பார்கள்? எல்லோரும் பழையபடி சந்து வாசலிலேயே கடந்தார்கள். இரண்டு மாதம் ஆகியிருக்காது. பிள்ளைகளை அக்கரை சேர்த்துவிட்டு, ஒரு குழந்தையின் பையை எடுக்கத் திரும்பி வந்த வசந்தாவை பைக் அடித்துத் தள்ளியது. சத்தம் கேட்டு ஓடினேன். அவளைத் தூக்கியவர்களில் நானும் ஒருத்தி. தொடையில் கம்பி வைத்தார்கள். இப்போது விந்தி விந்தித்தான் நடக்கிறாள்.

தெருவே சேர்ந்து இன்ஜினியர் பெண்மேல் மனுக் கொடுத்தது. யாருக்கோ வேண்டி இடத்தை மாற்றிவிட்டாள் என்று எழுதினார்கள். விசாரணைக்கு முன்னால் அவள் என் படியில் வந்து உட்கார்ந்தாள். முகம் வாடிப்போயிருந்தது.

"அம்மா, உங்க வாசலுக்கு நேராதானே நான் கோடு போட்டேன். நீங்க கதவோரம் நின்னு பார்த்தீங்க. அதை மட்டும் வந்து சொல்லுங்க, போதும்."

"கண்ணு சரியாத் தெரியாதும்மா. நான் கவனிக்கல."

"சரிங்கம்மா" என்று எழுந்து போனாள். அவளை ஏதோ ஊருக்கு மாற்றிவிட்டார்கள் என்று கேள்வி. எந்த ஊர் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் போய்ச் சொல்ல வேண்டியிருக்குமே...

ஸ்பீடு பிரேக்கரை மாற்றுகிறோம் என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். இன்னும் மில் சுவருக்கு நேராகத்தான் இருக்கிறது.

வசந்தா மறுபடி வேலைக்குப் போகிறாள். வண்டிச் சத்தம் கேட்டாலே உடம்பு நடுங்குகிறது என்று தினமும் காலையில் என்னைத் துணைக்குக் கூப்பிடுகிறாள். "படுபாவி, அந்தப் பொண்ணு என் காலை வாங்கிட்டாக்கா" என்பாள். நான் பிள்ளைகளை எண்ணுவேன். பிள்ளைகள் முன்னால் நிற்க, அவள் என் கையைப் பிடித்துக்கொள்வாள். வண்டி வருகிறதா என்று அவள் ரோட்டைப் பார்ப்பதே இல்லை. என் முகத்தைத்தான் பார்க்கிறாள்.