மேஸ்திரியின் காலைப் பீடி

கண் விழித்ததும் செல்லக்கண்ணு மேஸ்திரியின் கை லுங்கி மடியைத் தடவுகிறது. பீடிக்கட்டு இல்லை. ஆபரேஷன் முடிந்து மாதங்கள் ஆகியும் அந்தக் கைக்கு மட்டும் இன்னும் சேதி எட்டவில்லை.

பாகூர் பக்கம் கரும்பு வெட்ட ஆள் வேண்டுமென்றால் அவரைத்தான் தேடி வருவார்கள். "மூணாங்கிளாஸோட நின்னவன்டா நான். அருவா புடிச்ச கையாலியே நாலு காணி கிரயம் பண்ணேன். எவன் பண்ணான், சொல்லு!" இதுதான் அவர் வணக்கம் சொல்லும் முறை. வயிற்றின் இடப்பக்கம் இப்போது ஒரு பை ஒட்டியிருக்கிறது; மலம் அதில்தான் இறங்கும். அதையும் பெருமையில் சேர்த்துக்கொண்டார். "ஒனக்குச் சட்டையில ஒரு ஜோபி. எனக்கு ரெண்டு."

பீடி இழுத்தால்தான் காலையில் வயிறு இளகும் என்பது அவர் கண்ட வைத்தியம். மார்கழிப் பனியில் ஏரிக்கரையோரம் ஒதுங்கப் போகையில் அவரும் மைத்துனன் முறையான புகழ்வேந்தனும் ஒரே குச்சியில் பற்றவைப்பார்கள். காணி வாங்கும் பேச்சு, மகள் கல்பனாவின் சம்பந்தம் எல்லாம் அந்தப் புகைக்குள்தான் முடிவாயின. பனியோடு கலந்த அந்த வாசனையைச் சொல்லும்போது மட்டும் மேஸ்திரியின் குரல் தணிந்துவிடும்.

பிறகு வயிறு இறுகியது. ஒரு பீடிக்கு இளகாததற்கு மூன்று இழுத்தார். ரத்தம் கண்டபோது, வெட்டுக்காலச் சூடு என்று மோர் குடித்தார். குடலில் புற்று என்பது பெரிய ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது.

"கட்டி கொடல்லதான வந்துது? பொகை நெஞ்சுக்குத்தான போவுது?" என்று, ஆபரேஷன் முடிந்து பீடியை விடச் சொன்ன டாக்டரம்மாவையே மடக்கப் பார்த்தார்.

"புகை ரத்தத்துல கலந்து உடம்பு பூரா போகும், பெரியவரே. இந்த ஆபரேஷன் ஆனவங்கள்ல, விடாமப் பிடிக்கிறவங்களுக்குத்தான் உயிருக்கு ஆபத்து ஜாஸ்தி. இன்னிக்கு விட்டாலும் லாபம்தான்."

வெளியே வந்ததும் மனைவி அமுதம் தன் பங்கைச் சொன்னாள்: "யோவ், இனிமே வாயில பீடியப் பாத்தேன், பைய நீயே மாத்திக்க."

நடுவில் ஒருநாள் வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்து ஒரு பீடி இழுத்துவிட்டார். அமுதம் திட்டவில்லை. மாற்றுப் பைகள் இருந்த டப்பாவை அவர் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்று முழுக்க மேஸ்திரி யாரிடமும் பெருமை பேசவில்லை.

பை வந்த பிறகு காலையில் ஏரிக்கரையில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் போகிறார். நேற்றும் போனார். புகழ்வேந்தன் பீடிக்கட்டைப் பிரித்து ஒன்றை நீட்டினான்.

"ஒண்ணே ஒண்ணு மாமா. இன்னா ஆயிடப் போவுது? ஒன்ன மாதிரி ஆம்பள இந்த ஊர்ல எவன் இருக்கான்!"

மேஸ்திரி பீடியை வாங்கினார். மூக்கருகே வைத்துக் கண்ணை மூடி, பற்றாத அந்த இலையின் வாசனையை நெஞ்சு முட்ட இழுத்தார். புகழ்வேந்தன் குச்சியைக் கிழித்து, காற்றுக்குக் கை குவித்து நீட்டினான்.

மேஸ்திரி குனிந்து நெருப்பை ஊதி அணைத்தார். பீடியை மைத்துனன் காதிலேயே செருகிவிட்டார்.