மாப்பிள்ளை விசாரிக்கப் போன வழியில் மாமல்லபுரம்

போன பதிவைப் படித்துவிட்டு ஒருவர் கேட்டிருந்தார்: "தாம்பரத்தில் காலையில் கிளம்பினால் செங்கல்பட்டு, மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம் மூன்றையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா?" முடியும். எழுபதுகளின் நடுவிலேயே நான் பார்த்திருக்கிறேன், அதுவும் ரயிலிலும் பஸ்ஸிலும். ஆனால் நான் கிளம்பியது ஊர் பார்க்க இல்லை. என் தங்கை வசந்தாவுக்கு வந்திருந்த வரனைத் துப்புத் துலக்கக் கிளம்பினேன். ஊர் பார்த்ததெல்லாம் போகிற போக்கில்.

அப்போது வசந்தாவுக்கு இருபத்தாறு வயது. அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டதால் தாம்பரத்தில் எங்கள் வீட்டோடு இருந்தாள். தினமும் ரயிலேறிச் செங்கல்பட்டில் ஓர் அலுவலகத்துக்கு டைப்பிஸ்ட் வேலைக்குப் போய் வந்தாள். அதற்கு முன் வந்த இரண்டு வரன்களை வேண்டாம் என்றது நான்தான். ஒருவன் சம்பளத்தைச் சொல்லும்போது கூரையைப் பார்த்தான். இன்னொருவன் காரணமே இல்லாமல் சிரித்தான். என் வீட்டுக்காரர் என்னை 'சி.ஐ.டி.' என்றுதான் கூப்பிடுவார். கூப்பிடட்டுமே! பெற்றவர்கள் இல்லாத பெண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு எவன் கையிலாவது பிடித்துக் கொடுத்துவிட முடியுமா? ஆனால், "இந்த மூணாவதையும் நீ தட்டிவிட்டா, அப்புறம் அவளை யார் வந்து கேப்பாங்க?" என்று அவர் ஒருநாள் கேட்டார். அது உண்மை என்று எனக்கும் தெரியும்.

அந்த மூன்றாவது வரனைத் தரகர் சொன்ன விதமே சரியில்லை. "பையன் பேரு ஏகாம்பரம். செங்கல்பட்டுப் பக்கம் காலேஜுல இருக்காரு" என்றார். இருக்காரு என்றால்? படிக்கிறாரா, பாடம் நடத்துகிறாரா, வாசலில் மணி அடிக்கிறாரா? அழுத்திக் கேட்டால் வெற்றிலையை மென்றுகொண்டே, "எல்லாம் நேர்ல பார்த்துக்கங்களேன்" என்கிறார். அதுவும் எங்கள் வீட்டில் இல்லையாம். மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உச்சி வேளையில், திருக்கழுக்குன்றம் மலைமேல் இரண்டு பக்கமும் சந்திக்கலாமாம். கழுகு வந்து பொங்கல் சாப்பிடுகிற நேரம், நல்ல சகுனமாம். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு எங்கள் வீட்டுக்கு வந்து பஜ்ஜி சாப்பிடுவதில் என்ன கஷ்டம்? இதில் ஏதோ இருக்கிறது என்று எனக்குப் பட்டது. உச்சிக்கு முன்னால் எல்லாவற்றையும் விசாரித்துவிடுவது என்று, வீட்டுக்காரரைக் குழந்தைகளுக்குக் காவல் வைத்துவிட்டு, வசந்தாவையும் இழுத்துக்கொண்டு விடியற்காலை ரயிலைப் பிடித்தேன்.

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு முப்பது கிலோமீட்டர்; ரயில் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவிட்டது. ஸ்டேஷனை ஒட்டிக் கொளவாய் ஏரி. விடியும்போது அந்தத் தண்ணீரைப் பார்க்கவே ஒரு தடவை போகலாம். விஜயநகரத்தார் காலத்துக் கோட்டை ஒன்றும் இந்த ஊரில் இருந்தது. பிற்பாடு வெள்ளைக்காரனும் பிரெஞ்சுக்காரனும் அதற்காக அடித்துக்கொண்டார்கள். இப்போது மிச்சம் இருப்பது கொஞ்சம் மதில். நான் பார்க்க வந்தது காலேஜை. வெளியே நின்ற ஜட்கா வண்டிக்காரரிடம், "காலேஜுக்குப் போகணும்" என்றேன்.

"எந்த காலேஜி? ஆஸ்பத்திரி காலேஜியா, கல்லு காலேஜியா?"

"கல்லு காலேஜா? அது என்ன?"

"மகாபலிபுரத்துல கீதேம்மா, செல செதுக்கக் கத்துக் குடுக்கறாங்களே, அது. அங்கெல்லாம் வண்டி வராது. பஸ்ல போ."

"ஆஸ்பத்திரி காலேஜுல ஏகாம்பரம்னு ஒருத்தர் இருக்காரா?"

"அங்க எம்மாம் பேரு கீறாங்க! நான் இன்னா அட்டெண்டன்ஸா எடுக்கறேன்?"

தரகர் வெறும் 'காலேஜ்' என்று முழுங்கியதன் சூட்சுமம் அப்போதுதான் புரிந்தது. செங்கல்பட்டுக் காலேஜ் என்றால் கேட்கிறவர்கள் டாக்டர் என்று நினைத்துக்கொள்வார்கள் அல்லவா? வசந்தா பக்கத்திலிருந்து, "கல்லு காலேஜாத்தான்க்கா இருக்கும்" என்றாள். உனக்கு எப்படித் தெரியும் என்றதற்கு, "சும்மா ஒரு ஊகம்தான்" என்று ஏரியைப் பார்த்துக்கொண்டாள். நான் அதை அப்போதைக்கு விட்டுவிட்டேன்.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரத்துக்குப் பஸ் திருக்கழுக்குன்றம் வழியாகத்தான் போகிறது. மொத்தம் முப்பது கிலோமீட்டர் சொச்சம், சரிபாதியில் அந்த மலை. டிக்கெட் ஆளுக்கு ஒரு ரூபாய்க்குள் என்று நினைவு. எட்டு மணிக்கெல்லாம் மாமல்லபுரத்தில் இறங்கிவிட்டோம்.

இறங்கியதும் பக்கத்திலேயே அந்தப் பெரிய பாறைச் சிற்பம். பாதிப் பேர் அர்ச்சுனன் தபசு என்கிறார்கள், மீதிப் பேர் பகீரதன் தபசு என்கிறார்கள். ஒற்றைக் காலில் நிற்கிறவர் யார் என்றே ஆயிரத்துச் சொச்சம் வருஷமாக முடிவாகவில்லை. என்னைச் சந்தேகப் பிராணி என்கிறார்கள்! என் கண் போனது கீழே இருக்கிற பூனைமேல். அதுவும் ஒற்றைக் காலில் நின்று, கையை மேலே தூக்கித் தவம் செய்கிறது, சுற்றிலும் எலிகள். பல்லவன் காலத்திலேயே இந்த வேஷக்கார ஆசாமிகள் இருந்திருக்கிறார்கள் என்று வசந்தாவிடம் காட்டினேன். அவள் பூனை அழகாக இருக்கிறது என்றாள்.

பின்பக்கம் சரிவில் உருண்டுவிடுமோ என்று நிற்கும் வெண்ணெய் உருண்டைப் பாறையையும் பார்த்துவிட்டு (அதன் கீழே நான் நிற்கவில்லை), கடற்கரைக் கோயிலுக்கு நடந்தோம். உப்புக்காற்று அரித்து அரித்துச் சிற்பங்களின் மூக்கும் முழியும் மழுங்கிவிட்டன. கட்டுமரத்திலிருந்து இறங்கிய மீனவர்கள் மணலில் வலையை உதறிக்கொண்டிருந்தார்கள். வசந்தா அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள். "நீ போய் உன் விசாரணையை முடிச்சிட்டு வா. எனக்குக் கால் வலிக்குது" என்றாள். இருபத்தாறு வயதுப் பெண்ணுக்கு என்ன கால் வலி?

கல்லு காலேஜ் ஞாயிற்றுக்கிழமை என்பதால் மூடியிருந்தது. ஆனாலும் எங்கேயோ உளிச் சத்தம் கேட்டது. எதிரே டீக்கடை. ஊர் விசாரிக்க டீக்கடையை விட்டால் வேறு இடம் ஏது? வேண்டாத டீ ஒன்றை வாங்கிக்கொண்டு கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"ஏகாம்பரமா? தங்கமான புள்ளம்மா. பசங்களுக்கு உளி புடிக்கக் கத்துக் குடுக்கறாரு. அவரு வாயத் தொறந்து நான் பாத்ததே இல்ல."

"குடி, சீட்டு?"

"அய்ய, பீடிகூட கெடையாது. ஒண்ணே ஒண்ணு. சாயங்காலம் ஆனா மூஞ்சி கழுவி, பவுடர் போட்டுகினு, செங்கல்பட்டு பஸ்ஸப் புடிச்சிப் பூடுவாரு. டெய்லி."

"வீடு செங்கல்பட்டுலயா?"

"வூடு சதுரங்கப்பட்டணத்துல, ஆத்தாகூட. அது தெக்கால. இவரு போறது மேக்கால. இன்னா சோலியோ, நமக்கு எதுக்கு?"

நமக்கு எதுக்கா? தினம் வேலை முடிந்து, வீட்டுக்கு எதிர்த் திசையில், பவுடர் போட்டுக்கொண்டு ஒருவன் எதற்குப் போவான்? அங்கே எவளோ ஒருத்தி இருக்கிறாள்! டீயை அப்படியே வைத்துவிட்டுக் கடற்கரைக்கு ஓடினேன். வசந்தாவின் தோளைப் பிடித்துக்கொண்டு சேதியைச் சொன்னேன். அவள் முகம் சிவந்து, தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கடல் பக்கம் திரும்பிவிட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளே என்று எனக்குப் பொறுக்கவில்லை. "அவன் முகத்துக்கு நேராவே கேட்டுடறேன் பாரு" என்று முதுகைத் தட்டிக் கொடுத்தேன். அந்தக் கோபத்தில் ஐந்து ரதங்களை ஓட்டமாகத்தான் பார்த்தேன். நீங்கள் நிதானமாகப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரே பாறையில் செதுக்கியது.

பதினொன்றுக்குத் திருக்கழுக்குன்றத்தில் இறங்கினோம். மலைக்கு ஐந்நூற்றுச் சொச்சம் படி. மாசி வெயிலிலேயே கல் சுட்டது. மேலே வேதகிரீஸ்வரரைச் சேவித்துவிட்டு, கழுகுக்குச் சோறு வைக்கிற பாறைக்கு வந்தால் நூறு பேருக்குக் குறையாமல் கூட்டம். சாபம் வாங்கிய இரண்டு ரிஷிகள்தான் கழுகாகி, காலையில் காசியில் குளித்து, உச்சிக்கு இங்கே சாப்பிட்டு, ராத்திரி ராமேசுவரம் போகிறார்கள் என்பது ஐதீகம்.

ஏகாம்பரமும் அவர் அம்மாவும் முன்னாலேயே வந்திருந்தார்கள். பையன் கறுப்பு, களையான முகம், நெற்றியோரம் பவுடர். நான் கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினார். அந்த அம்மாள் என்னைப் போலவே சந்தேகப் பிராணி. வந்த நிமிஷத்திலிருந்து வசந்தாவை ஏற இறங்கப் பார்த்தாள். "ரெண்டு எடம் தட்டிப் போச்சாமே, இன்னாத்துக்கு?" என்று எடுத்த எடுப்பில் கேட்டாள். நான் பதிலுக்கு வாயைத் திறப்பதற்குள் பண்டாரம் சர்க்கரைப் பொங்கல் பாத்திரத்தோடு வந்து பாறையில் உட்கார்ந்தார்.

எல்லோரும் வானத்தைப் பார்த்தோம். உச்சியும் தாண்டியது. பண்டாரம் பாத்திரத்தைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டார். ஒரு காக்காய்கூட வரவில்லை. பின்னாலிருந்து யாரோ ஒருவர் சத்தமாகவே சொன்னார்: "எவனோ பாவி வந்துகீறான்டா. இல்லாங்காட்டி வராம பூடுமா?"

அவ்வளவுதான். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், கூட்டத்தில் பாவி இருந்தால் அந்தக் கழுகுகள் இறங்காது என்பது அந்த மலையில் எல்லோரும் நம்புகிற விஷயம். அத்தனை பேரும் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரு பட்டுப்புடவைக்காரி தன் புருஷனையே முறைத்தாள். ஏகாம்பரத்தின் அம்மா வசந்தாவைப் பார்த்தாள். நான் பவுடரைப் பார்த்தேன்.

"ரெண்டு எடம் தட்டிப் போன பொண்ணு. ஒண்ணும் இல்லாமயா இருக்கும்?" என்றாள் அந்த அம்மாள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. "தினம் சாயங்காலம் சிங்காரிச்சிட்டு மேற்கால போறவங்களைக் கேளுங்க, யார் பாவின்னு தெரியும்!" என்று போட்டேன் ஒரு போடு.

வசந்தா கண்ணை மூடிக்கொண்டாள். கல்யாணம் அங்கேயே முடிந்து போயிற்று என்றுதான் நினைத்தேன். அப்போதுதான் ஏகாம்பரம் எழுந்தார். "நான் எறங்கிப் பூட்றேன். அப்பறமாச்சும் வருதா பாருங்க" என்றார். அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தை அது. அவர் இரண்டு படி இறங்குவதற்குள் வசந்தாவும் எழுந்தாள். "நானும் போறேன்க்கா." நான் கையைப் பிடிக்கப் போவதற்குள் போய்விட்டாள்.

அவர்கள் தலை மறைந்து கொஞ்ச நேரத்தில் வடக்கே இரண்டு புள்ளி தெரிந்தது. வெள்ளை உடம்பு, மஞ்சள் மூக்கு, இரண்டு கழுகும் நிதானமாக வந்து இறங்கி, பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு, மூக்கைப் பாறையில் துடைத்துக்கொண்டு பறந்தன. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நானும் அந்த அம்மாளும் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்து ஒரே நேரத்தில், "பார்த்தீங்களா?" என்றோம். பாவி அவள் பையனா என் தங்கையா என்று கீழே இறங்குகிற வரைக்கும் சண்டை. எனக்கு மூச்சு வாங்கியபோது அவள் பேசினாள், அவளுக்கு வாங்கியபோது நான் பேசினேன்.

அடிவாரத்தில் சோடாக்கடை பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். வசந்தா சிரித்துக்கொண்டிருந்தாள். நான் நேராக ஏகாம்பரத்திடம் போய், "தினம் சாயங்காலம் செங்கல்பட்டுல யாரைப் பார்க்கப் போறீங்க?" என்றேன்.

"ரயில் ஏத்திவிடப் போறேங்க."

"யாரை?"

அவர் வசந்தாவைக் காட்டினார். "இவங்களத்தான்."

எட்டு மாதமாக நடந்திருக்கிறது. ஸ்டேஷன் பெஞ்சில் பழக்கமாம். தரகரை எங்கள் வீட்டுக்கு அனுப்பியதே இவர்கள்தானாம். வீட்டில் வைத்துப் பார்த்தால் நான் குடைந்து எடுப்பேன் என்று மலையைச் சொல்லச் சொன்னதும் இவர்கள்தானாம். கடற்கரையில் அவள் தோள் குலுங்கியது அழுகையில் இல்லை என்று அப்போது உறைத்தது.

"அடப்பாவி! காலேஜில வேலை ஜாஸ்தி, அதான் லேட்டுன்னு தெனம் சொன்னியேடா!" என்று அந்த அம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"என்கிட்ட ஏன்டி சொல்லலை?" என்றேன் வசந்தாவிடம்.

"சொன்னா நீ விசாரிப்பே. விசாரிச்சா வேண்டாம்பே. மூணாவது தடவையும் நான் எப்படித் தாங்குவேன்க்கா?"

வந்தவன் போனவனையெல்லாம் சந்தேகப்பட்டேனே, எனக்குப் பயந்து ஒருத்தி என் வீட்டிலேயே எட்டு மாதம் இருந்திருக்கிறாள். அது வலித்தது, இன்றைக்கும் வலிக்கிறது. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, கழுகு வந்துச்சா?" என்றாள்.

"வந்தது. நீங்க எறங்கினப்புறம்தான்."

"அப்ப நாங்க ரெண்டு பேரும்தான் பாவி. ரெண்டு பாவியையும் ஒரே வீட்டுல விட்டுடுங்க. நீங்க ரெண்டு பேரும் புண்ணியவதி, நிம்மதியா இருங்க."

முதலில் சிரித்தது அந்த அம்மாள்தான். வைகாசியில் கல்யாணம் நடந்தது.

இனிப் போகிறவர்களுக்கு: செங்கல்பட்டுக்கு இப்போது மின்சார ரயில்கள் நிறைய. மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் டிக்கெட் உண்டு; தபசுப் பாறையை ரோட்டிலிருந்தே பார்க்கலாம், பூனையை விட்டுவிடாதீர்கள். நேரம் இருந்தால் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரன் கோட்டையும் பாருங்கள். திருக்கழுக்குன்றம் மலையை வெயிலுக்கு முன்னால் ஏறி இறங்கிவிடுங்கள். பல வருஷமாகக் கழுகுகள் வருவதில்லை, அதனால் உச்சி வரை காத்திருக்க வேண்டியதில்லை. அப்புறம், வரன் விசாரிக்க ஜட்கா, டீக்கடை, மலை என்று அலைகிறவர்களுக்கு ஒன்று: முதலில் வீட்டில் இருக்கிற பெண்ணை ஒரு வார்த்தை கேளுங்கள். பஸ் காசாவது மிச்சம். நான் கேட்டிருந்தால் வசந்தா உள்ளதைச் சொல்லியிருப்பாளா என்றால், அதில் எனக்குச் சந்தேகம்தான்.