தொப்பூர் இறக்கத்தில் என் அண்ணி

சங்ககிரி பட்டறையில் என் வண்டிக்கு பிரேக் லைனிங் மாற்றிக்கொண்டிருந்தபோது அண்ணன் மகள் போனில் அழைத்தாள். "சித்தப்பா, அம்மா போயிட்டாங்க" என்றாள். அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. காலையில் காபி குடித்துவிட்டு மூச்சு வாங்குகிறது என்று கட்டிலில் சாய்ந்தவர், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே கண்ணை மூடிவிட்டாராம். கழற்றிய சக்கரத்தை அப்படியே போட்டுவிட்டு, கிடைத்த பஸ்ஸில் ஏறி குமாரபாளையம் போய்ச் சேர்ந்தேன்.

துக்கத்துக்கு வந்தவர்களில் சிலர், "பாவம், கடைசி வரைக்கும் கஷ்டப்பட்டே போயிட்டா" என்று அழுதார்கள். எனக்கு அங்கேயே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் பாவம்? என் அண்ணி சரஸ்வதி பாவப்பட்டவர் அல்லர். அவரை அறியாதவர்களுக்கும், அறிந்தும் தப்பாகப் பேசுகிறவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

அண்ணிக்குப் பிறந்த வீடும் தறி, புகுந்த வீடும் தறி. விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்துகொண்டே, சின்ன டெம்போ ஒன்றில் துணியை ஈரோட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டு வருவார். அதற்கு லைசென்ஸும் வைத்திருந்தார். என் அண்ணன் சண்முகத்துக்குச் சொந்தமாக ஒரு லாரி. வடக்கே எங்கு லோடு கிடைத்தாலும் போய்விட்டு வருகிற மனிதர். சர்க்கரை நோய் அவர் கண்களைக் கெடுத்தது. எதிரில் நிற்பது ஆளா மரமா என்று தெரியாத நிலை வந்ததும் லாரி வாசலில் நின்றுவிட்டது. அது நிற்பதைச் சகிக்க முடியாமல் விற்றுவிடத் துணிந்தார். நாமக்கல்லிலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டும் போனார்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் அண்ணி சொன்னார்: "ஏனுங்க, வண்டிய நான் ஓட்டறனுங்க."

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கு அந்த வீட்டுச் சாப்பாடு தேவைப்பட்டது.

பிறகு அண்ணி என்னைத் தனியாக அழைத்துப் பேசினார். "தம்பி, அந்த வண்டி போச்சுன்னா உங்கண்ணன் படுத்தே போயிருவாரு. இப்பவே ஊட்டுக்குள்ள ஒரு வார்த்தை பேசறதில்ல. நீ எனக்குக் கியர் போட மட்டும் சொல்லிக் குடு, மிச்சத்த நான் பாத்துக்கறேன்." என்னைவிட மூத்தவர், எனக்குச் சோறு போட்டவர். மாட்டேன் என்று சொல்ல முடியுமா? அண்ணனும் இறங்கி வந்தார். ஆனால் நிபந்தனையோடு. "தை வரைக்கும் அந்த நாமக்கல் ஆளப் பொறுக்கச் சொல்றேன். லோடோட, என்னப் பக்கத்துல உக்கார வெச்சு, தொப்பூர் எறக்கத்த எறக்கிக் காட்டு. முடியலைன்னா வண்டியக் குடுத்தர்லாம்." ஓசூரிலிருந்து வரும் ரோட்டில் லோடு லாரிகள் அடிக்கடி கவிழும் மலையிறக்கம் அது.

சங்ககிரி பக்கம் சும்மா கிடந்த ஒரு பொட்டல் காட்டில் பழக ஆரம்பித்தோம். முதல் நாள் வழக்கம்போலச் சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தோம். அண்ணி கிளச்சை விட்ட வேகத்தில் வண்டி ஒரு குதி குதித்து ஆஃப் ஆகிவிட்டது. ஒரு பழம் நசுங்காமல் தெறித்து ஓடியது. வேடிக்கை பார்த்த லாரிக்காரர்கள், "அக்கா, பழம் பொழச்சுக்கிச்சு!" என்று கத்தினார்கள். அண்ணியும் இறங்கி வந்து அவர்களோடு சேர்ந்து சிரித்தார்.

அது பழைய வண்டி. இறக்கத்தில் பெரிய கியரிலிருந்து சின்னக் கியருக்கு ஒரே மிதியில் மாற்றிவிட முடியாது. கிளச்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, காலை எடுத்து, ஆக்சிலேட்டரை லேசாகத் தொட்டு, மறுபடி மிதித்துக் கியரைப் போட வேண்டும். இல்லாவிட்டால் பற்கள் கரகரவென்று உரசும், கியர் விழாது. அண்ணி இதைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டார். வினை வேறு இடத்தில் இருந்தது.

விசைத்தறியில் நூல் அறுந்தாலோ, சத்தம் மாறினாலோ உடனே ஹேண்டிலைத் தட்டித் தறியை நிறுத்த வேண்டும். ஒரு நொடி தாமதித்தாலும் துணி வீண். சிறு வயதிலிருந்து தறியில் நின்ற கைக்கு அதுதான் பழக்கம். லாரியில் எங்காவது டமார் என்று சத்தம் கேட்டால் போதும், அண்ணியின் இடது கை தானாகப் போய்க் கியர் ராடைத் தட்டி நியூட்ரலில் தள்ளிவிடும். சமதரையில் அது சிரிப்புக்குரிய விஷயம். லோடோடு இறக்கத்தில் நியூட்ரல் விழுந்தால் இன்ஜின் பிடி விட்டுப்போகும். அப்புறம் பிரேக்கை மட்டும் நம்பி வர வேண்டியதுதான். அது சூடேறிவிட்டால் எமனே பக்கத்தில் உட்கார்ந்து வருகிறான் என்று அர்த்தம். "அண்ணி, விட்டுருங்க, உசுரு முக்கியம்" என்று ஒருநாள் சொல்லியே விட்டேன்.

அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "தறி நின்னாத்தான் துணி பொழைக்கும். இது ஓடிட்டே இருந்தாத்தான் நாம பொழைப்போம். என்ற கைக்கு அது தெரியல. அதுக்கு நான் சொல்லிக் குடுக்கறேன் தம்பி."

சொல்லிக்கொடுத்த இடம் லாரி இல்லை, தறிக்கூடம். நூல் அறுந்தால் முதலில் இடது காலால், கிளச்சை மிதிப்பதுபோல், தரையில் இரண்டு மிதி, அதற்குப் பிறகே கை ஹேண்டிலுக்குப் போக வேண்டும் என்று தனக்குத்தானே சட்டம் போட்டுக்கொண்டார். கால் மிதிக்காமல் கை போகக் கூடாது. கூட வேலை செய்தவர்கள், "சரசக்கா தறிக்கு டான்ஸ் ஆடுது" என்று கேலி பேசினார்கள். கூடத்து முதலாளி காலில் சுளுக்கா என்று விசாரித்தார். கொஞ்சம் துணி பாழாகி, அதற்குத் திட்டும் வாங்கினார். ஆனால் மார்கழிக்குள் கை அடங்கிவிட்டது. ஹெவி லைசென்ஸும் கைக்கு வந்தது.

தை பிறந்ததும் ஓசூரில் இரும்புத் தகடு ஏற்றினோம். அண்ணி ஸ்டீயரிங்கில், அண்ணன் பக்கத்தில், நான் ஜன்னலோரம். தொப்பூர்க் கணவாய் தொடங்குவதற்கு முன்பே அண்ணி வேகத்தைக் குறைத்தார். மிதித்து, விட்டு, தொட்டு, மிதித்து, இரண்டாவது கியரைப் போட்டார். துளிச் சத்தமில்லை. அண்ணன் கண்ணுக்குப் பாதை தெரியாது. தலையைச் சாய்த்து இன்ஜினை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தார்.

பாதி இறக்கத்தில், எங்களுக்கு முன்னால் போன லாரியின் டயர் வெடித்தது. வெடிகுண்டு போட்டதுபோல் சத்தம். அண்ணியின் இடது கை ஸ்டீயரிங்கை விட்டு எழுந்ததை நான் பார்த்தேன். எழுந்த கை அப்படியே நின்றது. கால் கிளச்சை மிதிக்கவில்லை; கால் மிதிக்காததால் கை கியர் ராடுக்குப் போகவில்லை. கை மெல்லத் திரும்பி வந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தது. பிரேக்கை அளவாகத் தொட்டு, முன்னால் தடுமாறிய வண்டியை ஒதுங்கிக் கடந்து, அதே கியரில், அதே உறுமலோடு கீழே வந்து சேர்ந்தோம்.

சமதரை வந்ததும் அண்ணன் என்னிடம் பேசினார். "மணி, அந்த நாமக்கல் ஆளுக்குப் போன் போடு. வண்டி குடுக்கறதில்லைன்னு சொல்லிரு." அண்ணி ஓட்டிக்கொண்டே ஓவென்று அழுதார். நானும்தான் அழுதேன், சொல்வதற்கு என்ன வெட்கம்?

அதற்குப் பிறகு அவர் ஓட்டாத ரோடு இல்லை. ஆந்திரா செக்போஸ்டில் ஒரு போலீஸ்காரர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து டிரைவரைத் தேடியபோது, "நாந்தானுங்க, இன்னும் எத்தன தடவ சுத்துவீங்க?" என்று கேட்டவர் அவர். பல நடைகளில் அண்ணனும் கூடவே போனார். ஆந்திரத்துப் பருத்திக் காடுகளையும் கோதாவரிப் பாலத்தையும் அண்ணி வாயால் சொல்ல, அவர் பார்த்தார். வீட்டுக்குள் பேச்சற்றுக் கிடந்த மனிதர் ஊர் ஊராகக் கதை சொல்லத் தொடங்கினார். இப்படி வாழ்ந்தவரையா பாவம் என்கிறீர்கள்?

கடைசிப் பயணத்துக்குச் சொர்க்க ரதம் சொல்லியிருந்தார்கள். அண்ணன் திருப்பி அனுப்பிவிட்டார். "அவ வண்டியிலயே போகட்டும்" என்றார். பூவால் மூடி, பின்னால் படுக்கவைத்தோம். நான் ஓட்டினேன். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். காவிரிக் கரைக்கு இறங்கும் சரிவில் கண்ணீர் மறைக்க, மூன்றாவது கியரிலேயே போய்க்கொண்டிருந்தேன்.

"டேய் மணி, மூணுலயா எறக்கற? பின்னால அவ கேட்டுட்டு வர்றா. ரெண்டுக்கு மாத்து" என்றார் அண்ணன்.

மிதித்தேன், விட்டேன், தொட்டேன், மீண்டும் மிதித்தேன். துளிச் சத்தமில்லாமல் விழுந்தது. போய் வாருங்கள், அண்ணி. வண்டி கியரில்தான் இருக்கிறது.