முப்பத்தாறு பெருக்கல்

மாநாட்டுக்கு மூன்று வாரம் இருக்கும்போது துறையின் பலகையில் குழுப் பட்டியலை ஒட்டினார்கள். கணிதத் துறையில் நாங்கள் பெண்கள் ஐந்து பேர். ஐந்து பேரையும் வரவேற்புக் குழுவில் போட்டிருந்தார்கள். பட்டுப்புடவை, சந்தனம், பன்னீர்ச் செம்பு. தாம்பரம் பக்கத்துத் தனியார் கல்லூரி ஒன்றில் பதினோரு வருடமாகப் பாடம் எடுக்கிறேன். பன்னீர் தெளிப்பது கேவலமான வேலை என்று நான் நினைக்கவில்லை. ஆனால் மாநாட்டின் பொருள், இயற்கணிதத்திலும் எண் கோட்பாட்டிலும் கணினி முறைகள். எங்கள் துறையில் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்த ஒரே ஆள் நான்.

துறைத் தலைவரின் அறைக்குப் போனேன்.

"சார், என்னோட கட்டுரைச் சுருக்கம் குடுத்திருந்தேனே?"

"பார்த்தேம்மா. வெளியூர்லேர்ந்து நிறைய பேர் வர்றாங்க. நம்ம ஆளுங்களுக்கு ஸ்லாட் குடுக்க முடியல."

"நீங்க பேசறீங்களே சார்."

"அது சும்மா அறிமுகம்."

"நாற்பது நிமிஷம் போட்டிருக்கு."

அவர் மேஜைமேல் இருந்த அழைப்பிதழ்களை அடுக்க ஆரம்பித்தார். உண்மையான காரணம் எனக்குத் தெரியும். மாநாட்டின் சிறப்புப் பேச்சாளர் வேறு மாநிலத்தில் பணியாற்றும் பெரிய பேராசிரியர், தமிழர். என் கட்டுரை அவருடைய தேற்றம் ஒன்று தவறு என்று சொன்னது.

அந்தத் தேற்றத்தை எளிதாகவே சொல்லிவிடலாம். பள்ளியில் ஒரு பல்லுறுப்புக்கோவையைக் கொடுத்துக் காரணிப்படுத்தச் சொல்வார்களே, அதே சமாச்சாரம்தான், படி மட்டும் பத்து. ஒரு குறிப்பிட்ட வகைக் கோவைகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் ஒன்றுகூடக் காரணிகளாகப் பிரியாது என்று அவர் நிறுவியிருந்தார். நான்கு பக்க நிரூபணம். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி, 'இது எளிதில் விளங்கும்' என்று முடிந்திருந்தது. எனக்கு விளங்கவில்லை. ஒரு வாரம் அந்த வரியோடு மல்லுக்கட்டினேன். சிட்லபாக்கம் வீட்டில் குக்கர் விசில் எத்தனை என்பதே மறந்து இரண்டு நாள் பருப்பு அடிப்பிடித்தது. எனக்கு மூளை போதவில்லையோ என்ற சந்தேகம் வந்தது. பிறகு அந்தச் சந்தேகத்தின்மேலேயே கோபம் வந்தது. அந்த வகைக் கோவைகளை வரிசையாக எடுத்துச் சோதிக்க ஒரு நிரல் எழுதினேன்.

அது பல நாள் ஓட வேண்டும். பொங்கல் விடுமுறைதான் தோதான நேரம். கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்கா, கோவளம் பக்கத்து மீனவக் குப்பத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர். அவரிடம் கேட்டேன்.

"லீவுல எல்லா மெஷினையும் ஆஃப் பண்ணணும்னு சர்க்குலர் கீது மேடம்."

"ஒண்ணே ஒண்ணு மட்டும் ஓடட்டும்க்கா."

"அப்டி இன்னா தேடுது அது?"

"ஒரு பெரிய ஆளு, இப்படி ஒண்ணு இல்லவே இல்லன்னு எழுதியிருக்காரு. அது இருக்கான்னு தேடுது."

அக்கா சிரித்தார். "நீங்க இவ்ளோ மெனக்கெட்டுகினு இருக்கீங்கன்னா, இருக்கும் மேடம்." ஒரு தாளில் 'தொடாதே' என்று எழுதி அந்த மானிட்டரில் ஒட்டினார்.

விடுமுறை முடிந்து வந்து பார்த்தபோது திரையில் ஒரே ஒரு வரி இருந்தது. ஒரு கோவை பிரிந்திருந்தது. ஐந்தாம் படிக் காரணிகள் இரண்டு. கணினியில் கோளாறு இருக்கலாம் என்று கையாலேயே மூன்று முறை பெருக்கிப் பார்த்தேன். மூன்று முறையும் சரியாக வந்தது. பேராசிரியருக்கு இரண்டு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் இல்லை. அதன்பிறகுதான் மாநாட்டுக்குக் கட்டுரை கொடுத்தேன்.

மாநாட்டன்று காலை பருத்திப் புடவைதான் கட்டினேன். வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்ற தோழிகள் நான்கு பேர்தான். நான் நேராக அரங்குக்குப் போய் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தேன். துறைத் தலைவர் மேடையிலிருந்து என்னைப் பார்த்து வாசல் பக்கம் கை காட்டினார். நான் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

பேராசிரியர் ஒரு மணி நேரம் அழகாகவே பேசினார். கேள்வி நேரம் வந்ததும் கை தூக்கினேன். அமர்வை நடத்திய துறைத் தலைவருக்கு இடப்பக்கம் தெரிந்தது, வலப்பக்கம் தெரிந்தது, நடுவில் இருந்த என் கை மட்டும் தெரியவில்லை. மூன்றாவது கேள்வியும் முடிந்ததும் எழுந்து நின்றேன்.

"சார், உங்க ரெண்டாவது தேற்றத்துக்கு எதிர் உதாரணம் ஒண்ணு என்கிட்ட இருக்கு."

அரங்கில் சிரிப்பு. பேராசிரியர் சிரிக்கவில்லை. "மெயில் போட்டது நீங்கதானா? கம்ப்யூட்டர் அவுட்புட் அனுப்பியிருந்தீங்க. அதுல பிழை இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு மேடம். மெஷின் சொல்றது நிரூபணம் ஆகாது."

"மெஷின நம்ப வேண்டாம் சார். ரெண்டு காரணியையும் எழுதறேன், எல்லார் முன்னாடியும் பெருக்கறேன். முப்பத்தாறு பெருக்கல்தான்."

"டீ நேரம் ஆயிடுச்சு," என்றார் துறைத் தலைவர்.

"டீ குடிக்கணுங்கறவங்க போகலாம் சார்."

அந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. மேடை ஏறினேன். கரும்பலகையைத் திரை மறைத்திருந்தது. புரொஜெக்டர் பக்கத்தில் நின்ற ஆய்வக அக்கா யாரையும் கேட்காமல் வந்து திரையைச் சுருட்டி மேலே ஏற்றினார். "இந்தாங்க மேடம்" என்று இரண்டு சாக்பீஸைக் கையில் வைத்தார்.

எழுத ஆரம்பித்தேன். மேல் படியிலிருந்து கீழே. பத்தாம் படி சரி. ஒன்பது, எட்டு, ஏழு, எல்லாம் சரி. ஆறாம் படிக்கு முன்னால் நிற்கும் எண், அதாவது கெழு, பதினேழு வர வேண்டும். எனக்குப் பதிமூன்று வந்தது.

மறுபடி கூட்டினேன். பதிமூன்றுதான். வீட்டில் மூன்று முறை சரியாக வந்த கணக்கு! பின்னால் யாரோ சொன்னது கேட்டது. "இதுக்குத்தான் இவ்ளோ சீனா?" துறைத் தலைவர் எழுந்து வந்தார். குரலைத் தாழ்த்தி, "போதும்மா. உட்காருங்க. காலேஜ் மானம் போகுது" என்றார்.

"இன்னும் முடிக்கல சார்," என்றேன். பலகையைவிட்டு நகரவில்லை. எண்கள் கண்ணுக்கு முன்னால் நெளிந்தன. விரல் வைத்து முதல் உறுப்பிலிருந்து மறுபடி பார்க்க ஆரம்பித்தேன்.

"மூணாவது உறுப்பு," என்றது ஒரு குரல். பேராசிரியர். நாற்காலியைத் தள்ளிவிட்டுப் பலகைக்குப் பக்கத்தில் வந்திருந்தார். "மைனஸ் ஒண்ணு இன்ட்டு மைனஸ் ரெண்டு. குறியைப் பாருங்க."

பார்த்தேன். கழித்தல் இரண்டு என்று எழுதியிருந்தேன். அழித்து, கூட்டல் இரண்டு ஆக்கினேன். பதினேழு.

அதன்பிறகு சிரிப்புச் சத்தமே இல்லை. மிச்சம் ஆறு கெழுக்களையும் முடிக்கும்வரை யாரும் டீக்குப் போகவில்லை. கடைசி எண்ணை எழுதியதும் பேராசிரியர் தன் கட்டுரையைப் பிரித்துக் கோவையை ஒவ்வொரு உறுப்பாக ஒப்பிட்டார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "தேற்றம் தப்பு. அந்த வரி எளிதில் விளங்காது. எனக்கே இப்பதான் விளங்குது." என்னிடம், "மெயிலை ஒழுங்கா படிச்சிருக்கணும் மேடம். என் தப்பு," என்றார்.

இதோடு நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தால், இரண்டு மாதம் கழித்து மாநாட்டு மலர் வந்தது. பேராசிரியரின் உரைக்கு அடியில் தொகுப்பாளர் குறிப்பு: 'இத்தேற்றத்தில் ஒரு பிழை இருப்பதைப் பங்கேற்பாளர் ஒருவர் சுட்டிக்காட்டினார்.' தொகுப்பாளர் எங்கள் துறைத் தலைவர்.

"பங்கேற்பாளருக்குப் பேர் கிடையாதா சார்?"

"அச்சாயிடுச்சும்மா. சின்ன விஷயம், பெருசு பண்ணாதீங்க."

"சின்ன விஷயம்னா சுலபமா திருத்தலாமே. ஒரு திருத்தச் சீட்டு போடுங்க."

அவர் மறுத்தார். கல்லூரி முதல்வருக்கு எழுதினேன். பதில் வரவில்லை. மறுபடி எழுதினேன். நான்காவது கடிதத்தோடு முதல்வர் அறை வாசலில் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். "இதுக்காக இவ்வளவு பிடிவாதமா மேடம்?" என்று கேட்டார் முதல்வர். "ஆமாம் சார், இதுக்காகத்தான்," என்றேன். மறுவாரம் சீட்டு அச்சானது. என் பெயர், எதிர் உதாரணம் முழுதும். நானும் ஆய்வக அக்காவும் உட்கார்ந்து கைவசம் இருந்த எல்லாப் பிரதிகளிலும் ஒட்டினோம். பெயர் நேராக நிற்க வேண்டும் என்று அக்கா ஸ்கேல் வைத்து ஒட்டினார்.

அடுத்த பருவத்தில் என்னை மதிய ஷிப்டுக்கு மாற்றினார்கள். காரணம் எதுவும் சொல்லவில்லை. வாடிப்போவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். இப்போது காலை முழுவதும் என்னுடையது. பிள்ளைகள் பள்ளிக்குப் போனதும் சாப்பாட்டு மேஜையில் வேலைக்கு உட்கார்ந்துவிடுகிறேன். போன மாதம் பேராசிரியரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. தேற்றத்தில் ஒரு நிபந்தனையைச் சேர்த்துத் திருத்தியிருந்தார். கடைசி வரியில், 'இதையும் உடைக்க முடிகிறதா பாருங்கள்' என்று எழுதியிருந்தார்.

பார்த்துக்கொண்டிருக்கிறேன்.