வேலையில் இருக்கிறாள் என்று நான் சொன்னது

எனக்கு எழுபத்தெட்டு வயது. வளர்த்தது ஐந்து பேரை. நான்கு பேர் நான் பெற்றவர்கள். ஐந்தாவது, மூத்த மகனின் பெண். அவனுக்கு கரக்பூரில் வேலை. பள்ளிக்கூடத்துக்காக அவளை ஆறு வயதில் கல்கத்தா டாக்குரியாவில் என்னிடம் விட்டுப் போனான். இங்கேயே இருந்து பட்டமும் வாங்கிவிட்டாள். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதனால் மெதுவாகத்தான் எழுதுவேன்.

என் வீட்டுக்காரர் கார்டன் ரீச் ரயில்வே ஆபீசில் இருந்தவர். எங்கள் வீட்டில் ‘ஆர்டர் வந்தாச்சு’ என்றால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. உன்னை வேலைக்கு எடுத்துக்கொண்டோம் என்று எழுதிய காகிதம் அது. வந்த அன்றே நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி முருகன் படத்தின் முன் வைப்பேன். மறுநாள் காலை கட்டிடம் முழுக்க இனிப்பு. அவருக்கு வந்தது, இரண்டு மகன்களுக்கு வந்தது. கொடுத்த ஆர்டரை யாரும் திருப்பி வாங்கியதாக நான் கேட்டதே இல்லை.

பேத்தி கடைசி வருஷம் படிக்கும்போது ஒரு கம்பெனிக்காரர்கள் கல்லூரிக்கே வந்து ஆள் எடுத்தார்கள். அவளுக்கும் காகிதம் வந்தது. நான் மஞ்சளைக் குழைத்தேன்.

“ஆச்சி, இது ஆஃபர் லெட்டர்தான். எப்ப சேரணும்னு அப்புறம்தான் சொல்வாங்க.”

“உன் பேரு அச்சடிச்சிருக்கா, இல்லியா?”

“இருக்கு.”

“பெறவென்னட்டி.”

பதினோரு வீட்டுக்கும் சந்தேஷ் இனிப்பு கொடுத்தேன். கீழ்வீட்டு வங்காளிப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, “மாஷிமா, உங்க வீட்ல மட்டும் எல்லாருக்கும் வேலை கிடைச்சிடுதே” என்றாள். அதைக் கேட்க எனக்குக் கசக்கவில்லை.

பரீட்சை முடிந்தது, பட்டமும் வந்தது. தினமும் காலை ஒன்பது மணிக்கு டிபன் டப்பாவோடு கிளம்புவாள். ஆபீஸ் போகிறாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். அவள் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

துர்கா பூஜைக்கு முந்தின வாரம், போனைச் சார்ஜில் போட்டுவிட்டுக் குளிக்கப் போயிருந்தாள். அடித்தது, எடுத்தேன். கல்லூரியிலிருந்து ஒரு பையன் வங்காளத்தில் பேசினான். இந்த வருஷம் படித்து முடித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்கிறார்களாம். வேலையா, மேற்படிப்பா, தேடிக்கொண்டிருக்கிறாளா?

“என் பேத்தி தேடுவாளா?” என்றேன். கம்பெனி பெயரைச் சொன்னேன். பட்டம் வாங்கிய மறுநாளிலிருந்து போகிறாள் என்றேன். அன்றைக்கு எலுமிச்சைச் சாதம் கட்டியிருந்ததையும் சொன்னேன். பையன் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டான்.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவளிடம் சொன்னேன். துண்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“வேலைல இருக்கான்னா சொன்னீங்க?”

“இல்லாமயா?”

“இல்ல ஆச்சி. யாரையும் சேர்க்கப்போறதில்லன்னு கம்பெனி எழுதிட்டாங்க. ரெண்டு மாசமாச்சு. நான் லைப்ரரில போய் உக்காந்திருக்கேன்.”

எழுந்து போய் அந்தக் காகிதத்தை எடுத்து வந்தேன். மஞ்சள் காய்ந்து உதிர்ந்தது. அவள் பெயர் அப்படியே இருந்தது. கீழே கையெழுத்தும் இருந்தது.

“கையெழுத்துப் போட்டவன் எப்படிட்டி இல்லம்பான்?”

“சொல்லிட்டாங்க. என் கூட எடுத்த எல்லாருக்கும் அதான்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா?”

“பதினோரு வீட்டுக்கு சந்தேஷ் கொடுத்துட்டு வந்து நின்னீங்க. எப்படிச் சொல்ல?”

மெதுவாக மற்றதையும் சொன்னாள். வெள்ளிக்கிழமை வேறொரு கம்பெனி கல்லூரிக்கு வருகிறது. வேலை கிடைக்காதவர்களை மட்டும்தான் உள்ளே விடுவார்கள். யாருக்குக் கிடைக்கவில்லை என்று பார்க்கத்தான் அந்த போன். நான் கதவைச் சாத்திவிட்டு, பெருமையும் பட்டிருக்கிறேன்.

“கிளம்பு” என்றேன். “சொன்ன வாய்தான் மாத்தியும் சொல்லணும்.”

பஸ் பிடித்துப் போனோம். கல்லூரியில் இரண்டாவது மாடி. மூட்டு வலியோடு ஏறி நிமிர்ந்து பார்த்தால், வேலைவாய்ப்பு அறை வாசலிலிருந்து படி வரைக்கும் பிள்ளைகள். எல்லாரும் பட்டம் வாங்கியவர்கள். வேலை கிடைக்கவில்லை என்பதால் இன்னொரு பட்டத்துக்குச் சேர்ந்திருக்கிறேன் என்று ஒருத்தி சொன்னாள். பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோல் சொன்னாள். எங்கள் வீட்டில் மட்டும் நடந்தது என்றல்லவா நினைத்துக்கொண்டு வந்தேன்.

உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவன் குரலைக் கேட்டதும் தெரிந்தது, போனில் பேசிய பையன்தான். என்னையும் தெரிந்துகொண்டான்.

“எலுமிச்சைச் சாத மாஷிமாவா? நீங்களாவது பரவால்ல. ஒரு அப்பா தன் பையன் கனடாவுல இருக்கான்னு சொல்லிட்டார். பையன் உங்க பின்னாடிதான் நிக்கிறான்.”

திரும்பிப் பார்த்தேன். ஒல்லியாக ஒருவன் தலையைச் சொறிந்தான். வரிசையே சிரித்தது. என் பேத்தியும் சிரித்தாள். எனக்குத்தான் வரவில்லை.

“சரி, இப்ப என்னன்னு போடட்டும்?”

வாயைத் திறந்தேன். எழுபத்தெட்டு வயதில் என் வீட்டுப் பிள்ளையைப் பற்றி நான் சொல்லாத வார்த்தை அது.

“வேலை இல்லை” என்றேன். “தேடிக்கொண்டிருக்கிறாள்.”

ஒருமுறை எழுதியதை மாற்ற வேண்டுமானால், சொன்னவர் கைப்பட எழுதித் தர வேண்டுமாம். எனக்குத் தமிழ்தான் எழுத வரும் என்றேன். பரவாயில்லை, பேத்தி கீழே ஆங்கிலத்தில் எழுதட்டும் என்று தாளை நீட்டினான். மேஜையில் இடம் விட்டார்கள். ஒவ்வொரு எழுத்தாக வைத்தேன்: ‘இவள் என் பேத்தி. நன்றாகப் படித்தவள். வேலை இன்னும் கிடைக்கவில்லை. போகிறாள் என்று நான் சொன்னது தப்பு.’ கடைசியில் என் பெயரைப் போட்டேன்.

எழுத்துப் பிழை இருக்கும் என்று பயம். வெள்ளிக்கிழமை அவள் வெளியே நிற்கும்படி ஆகிவிடக் கூடாது. தாளை அவளிடம் கொடுத்தேன். அவள் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். உதட்டுக்குள்ளேயே முணுமுணுக்க ஆரம்பித்தாள்.

“எனக்குக் கேக்கலட்டி” என்றேன். “சத்தமா வாசி.”