மட்கார்டு போட்டவரோடு ஒரு பந்தயம்

அந்த வருடம் தீபாவளிக்கு ஆம்பூர் வரப்போவதில்லை என்று மாமியாரிடம் யார் சொல்வது என்பதுதான் எங்கள் வீட்டில் இரண்டு வாரமாக ஓடிக்கொண்டிருந்த பிரச்சினை. குடகில் அறை பதிவு செய்தாகிவிட்டது. உங்கள் அம்மா, நீங்கள் சொல்லுங்கள் என்பேன். நீ சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்பார் என் கணவர். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு தீபாவளியைக்கூட நாங்கள் தவறவிட்டதில்லை. 

அப்போதுதான் எலெக்ட்ரானிக் சிட்டியில் நாங்கள் இருவரும் வேலை பார்த்த கம்பெனியில் சைக்கிள் பந்தயம் அறிவித்தார்கள். அத்திபெலேக்கு அப்பால் தைலமரத் தோப்பையும் ஏரிக்கரையையும் மலை சைக்கிளில் சுற்றி வர வேண்டும். இருவரும் பெயர் கொடுத்தோம். யார் பின்னால் வருகிறாரோ அவர் ஆம்பூருக்கு ஃபோன் செய்வது என்று முடிவாயிற்று. சீட்டுக் குலுக்கிப் போட்டிருந்தாலே போதும். படித்தவர்கள் எதையும் சுலபமாகச் செய்துவிட மாட்டோம்.

என் கணவர் சட்டையில் ஒரு துளி குழம்பு தெறித்தால் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோகிறவர். வாடகைக்கு எடுத்த சைக்கிள்களில் மட்கார்டு இல்லாததைப் பார்த்ததும் அவருக்கு மனசு கேட்கவில்லை. மட்கார்டு இல்லாத சைக்கிள் அவர் கண்ணுக்கு வேட்டி கட்டாத மாப்பிள்ளை. பொம்மசந்திராவில் ஒரு கடையில் முன்னும் பின்னும் தகர மட்கார்டு மாட்டி, பின்பக்கம் ரப்பர் பட்டையும் தொங்கவிட்டார். எனக்கும் ஒரு ஜோடி வாங்கி வந்தார். நான் வேண்டாம் என்றேன். அதில் அறிவாளித்தனம் ஒன்றும் இல்லை. அவர் நல்லது என்று சொன்னார், அதனால் வேண்டாம் என்றேன்.

பந்தயத்துக்கு முந்தின நாள் முழுக்க மழை. கொடி அசைத்ததும் வயசுப் பசங்கள் பறந்துவிட்டார்கள். அவரும் போய்விட்டார். தோப்புக்குள் நுழைந்ததுமே என் சைக்கிள் சேற்றை வாரி வாரி என் முகத்திலேயே அடித்தது. வாயைத் திறந்தால் மண். அவருடைய வெள்ளை டீ-ஷர்ட் தூரத்தில் பளிச்சென்று போய்க்கொண்டிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தோப்பைத் தாண்டினால் களிமண். அங்கே ஒரு திருப்பத்தில் அவர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவைத்து, மட்கார்டுக்குள் குச்சியை விட்டு நோண்டிக்கொண்டிருந்தார். டயருக்கும் தகரத்துக்கும் நடுவில் மண் அடைத்துச் சக்கரம் அசையவே இல்லை. நோண்டி எடுத்துவிட்டு இரண்டு மிதி மிதித்தால் மறுபடியும் அடைப்பு. ஸ்பேனர் இருக்கிறதா, கொஞ்சம் நில்லேன் என்று கெஞ்சினார்.

"அம்மாகிட்ட என்ன சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டே வாங்க" என்று சொல்லிவிட்டு மிதித்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

அது ஏரிக்கரை வரைதான். சறுக்கிக்கொண்டுபோய்க் கீழே ராகி வயலில் விழுந்தேன், சைக்கிள் என் மேல் விழுந்தது. எழுந்து பார்த்தால் அவர் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறார். களை எடுத்துக்கொண்டிருந்த வயல்காரம்மா அவரைப் பார்த்து, ஏன், அது உங்களைச் சுமக்காதா என்று கன்னடத்தில் கேட்டார். என் கணவர் மரியாதை தெரிந்த மனிதர். நின்று பதில் சொன்னார். மட்கார்டு விஷயத்தை அவர் விளக்கி முடிப்பதற்குள் நான் மேலே ஏறி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஓடி, ஒரு சக்கரம் முன்னால் கோட்டைத் தொட்டேன். பந்தயம் நடத்தியவர்கள் அதற்குள் கொடியைச் சுருட்டி வைத்துவிட்டு வடை தின்றுகொண்டிருந்தார்கள்.

அங்கேயே அவர் செல்ஃபோனை எடுத்தார். மழையைச் சொன்னார், மட்கார்டைச் சொன்னார், நான் வயலில் விழுந்தது வரை வந்தார். குடகுக்கு மட்டும் வந்து சேரவில்லை. நான் விழுந்தேன் என்றதும் மாமியார் ஃபோனை என்னிடம் கொடுக்கச் சொல்லிவிட்டார். எனக்கு முழங்கால் எரிந்தது, இடுப்பு விட்டுப்போயிருந்தது, காதுக்குள் களிமண்.

"அடி பலமா பட்டுடுச்சாம்மா?" என்றார் மாமியார். "தீபாவளிக்கு வருவ இல்ல, நானே எண்ணெ வெச்சு, கை காலெல்லாம் சூடு பறக்கத் தேச்சுவிட்டு, அண்டா நெறைய வெந்நீர் போட்டு ஊத்தறேன். எல்லா வலியும் போயிடும்."

அண்டா நிறைய வெந்நீர். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"வந்துடறோம் அத்தை" என்றேன்.

ஃபோனைத் திருப்பிக் கொடுத்தபோது கணவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியானால் குடகு என்ன ஆவது என்று கேட்டார்.

"ரூமை கேன்சல் பண்ண ஃபோன் போடுங்க" என்றேன். "தோத்தது நீங்கதானே."